இரத்த ஓட்டப் பாடம்: நிறத்தை விட்டுவிட்டு அழுத்தத்தைப் பின்தொடர்வோம்

உயிரியல் பாடத்தில் மாணவர்கள் திரும்பத் திரும்ப வரைந்து பழகும் படம் இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றம். பாதி சிவப்பு, பாதி நீலம், நடுவே அம்புக்குறிகள். பாகங்களைக் குறிக்கச் சொன்னால் எல்லோரும் குறித்துவிடுவார்கள். இடது வெண்ட்ரிக்கிளின் (இதயத்தின் கீழறை) சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன், வால்வைத் திறப்பது எது, காலுக்கு இறங்கிய இரத்தம் எப்படி மேலே ஏறுகிறது என்று கேட்டால்தான் பேனா நின்றுபோகும். மூன்றுக்கும் விடை ஒரே விதியில் இருக்கிறது: அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் திரவம் ஓடும். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பாடத்தைப் படித்தால் மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறையும்.

அதற்கு முன் சில சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

## சொற்களும் படமும் ஏமாற்றும் இடங்கள்

1. தமனியும் சிரையும். "தமனியில் ஆக்ஸிஜன் உள்ள இரத்தம், சிரையில் ஆக்ஸிஜன் இல்லாத இரத்தம்" என்பது வரையறை ஆகாது. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி. இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. திசைதான் அடையாளம். இதைப் பிடித்துக்கொண்டால் நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் 'விதிவிலக்கு' என்று தனியாக நினைவில் வைக்கத் தேவையே இல்லை.

2. 'நரம்பு'. ஊசி போடுபவர் "நரம்பு கிடைக்கவில்லை" என்பார். கையில் "நரம்பு புடைத்திருக்கிறது" என்போம். பேச்சில் சிரைக்கு நரம்பு என்றே பெயர். பாடத்தில் நரம்பு என்பது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உடலின் மற்ற பாகங்களுக்கும் இடையே மின்துடிப்புகளைக் கடத்தும் இழைக்கற்றை. அதற்குள் இரத்தம் ஓடுவதில்லை. தேர்வுத்தாளில் இந்தப் பேச்சுச்சொல் அடிக்கடி எட்டிப்பார்க்கும்.

3. 'சுத்த இரத்தம், அசுத்த இரத்தம்'. பழைய புத்தகங்கள் விட்டுச்சென்ற இந்த வழக்குதான் மிக மோசம். ஓய்வாக இருக்கும்போது இதயத்தின் வலது பக்கத்துக்குத் திரும்பும் 'அசுத்த' இரத்தத்தில் ஹீமோகுளோபினின் (சிவப்பணுவில் ஆக்ஸிஜனைப் பிடிக்கும் புரதம்) சுமார் 75 சதவீதம் இன்னும் ஆக்ஸிஜனைச் சுமந்தபடிதான் இருக்கும். யூரியாவை வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழ்: சிறுநீரகத்துக்குள் போகும் தமனியைவிட அதிலிருந்து வெளியேறும் சிரையில்தான் யூரியா குறைவு. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் சுத்தம், அசுத்தம் என்பதற்குப் பொருளே கிடையாது.

4. இடமும் வலமும். படத்தில் இருப்பது நம்மை நோக்கி நிற்பவரின் இதயம். அதனால் அவருடைய இடது பக்கம் தாளில் நமக்கு வலப்பக்கம் வரும்.

5. நீலம். உடலில் நீல இரத்தம் எங்கும் இல்லை. சிரையிலிருந்து எடுத்த இரத்தம் கண்ணாடிக் குழாயில் கருஞ்சிவப்பாக இருக்கும். தோலுக்கு மேலே சிரை நீலமாகத் தெரிவது ஒளியின் வேலை. சிவப்பொளி தோலுக்குள் ஆழமாக இறங்கி அங்கே உறிஞ்சப்படுகிறது. நீலவொளி மேலோட்டமாகவே சிதறித் திரும்பிவிடுகிறது.

## இரத்தம்: எவ்வளவு, எதனால் ஆனது

பெரியவர் ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இருக்கும். ஒரு கிலோ எடைக்கு 70 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால் போதும். இதில் 55 சதவீதம் பிளாஸ்மா, மீதி 45 சதவீதம் செல்கள். பிளாஸ்மாவின் பத்தில் ஒன்பது பங்கு நீர். கரைந்திருப்பவற்றில் ஆல்புமின், குளோபுலின், ஃபைப்ரினோஜன் ஆகிய புரதங்கள் முக்கியம். உறைதலுக்கு உதவும் ஃபைப்ரினோஜன் செலவழிந்த பிறகு மிஞ்சும் தெளிந்த திரவத்துக்குச் சீரம் என்று பெயர். பிளாஸ்மாவும் சீரமும் ஒன்றென எழுதினால் மதிப்பெண் போகும்.

வெள்ளையணுக்கள் ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரை, தட்டணுக்கள் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. தட்டணு முழுச் செல் கிடையாது, எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல் ஒன்றின் உதிரித் துண்டு. இவற்றை அட்டவணையாக எழுதிப் படித்துக்கொள்ளலாம். ஓட்டப் பாடத்துக்கு முக்கியமான கணக்கு சிவப்பணுவில் இருக்கிறது.

சிவப்பணு சுமார் 7.5 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள, இருபுறமும் குழிந்த தட்டு. உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. சுமக்கும் ஆக்ஸிஜனைத் தானே எடுத்துத் தின்ன முடியாத கூலியாள் என்று வைத்துக்கொள்ளலாம். சுமார் 120 நாள் உழைத்துவிட்டு மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைகிறது. சரி, இந்த அணு எதற்கு? ஆக்ஸிஜன் நேராகப் பிளாஸ்மாவில் கரைந்து போகக்கூடாதா? போட்டுப் பார்க்கலாம்:

1. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் வெறுமனே கரைந்து நிற்கக்கூடிய ஆக்ஸிஜன் 0.3 மில்லிலிட்டர். ஒரு லிட்டருக்கு 3 மில்லிலிட்டர்.
2. சும்மா உட்கார்ந்திருக்கும் உடலுக்கே நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் வேண்டும்.
3. கரைந்த ஆக்ஸிஜனை மட்டும் நம்பினால், இதயம் நிமிடத்துக்கு 83 லிட்டர் இரத்தத்தைத் தள்ள வேண்டும். அது தள்ளுவதோ 5 லிட்டர்.
4. இப்போது ஹீமோகுளோபினைச் சேர்ப்போம். 100 மில்லிலிட்டரில் 15 கிராம். ஒரு கிராம் 1.34 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைப் பிடிக்கும். பெருக்கினால் 20 மில்லிலிட்டர். 5 லிட்டருக்கு 1,000 மில்லிலிட்டர்.

1,000 மில்லிலிட்டர் புறப்படுகிறது, 250 செலவாகிறது, 750 திரும்புகிறது. மேலே சொன்ன 75 சதவீதம் இங்கிருந்துதான் வந்தது. ஓடும்போதும் படியேறும்போதும் தசைகள் கைவைப்பது இந்த மிச்சத்தில்தான். ஹீமோகுளோபின் 7 கிராமுக்கு இறங்கிய ஒருவருக்கு ஏன் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்பதற்கும் இதே கணக்கு போதும்: நுரையீரல் நன்றாகவே இருக்கும், சுமக்க ஆள் பாதியாகிவிட்டது.

கார்பன் டை ஆக்ஸைடின் கதை வேறு. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் பைகார்பனேட்டாக மாறிப் பிளாஸ்மாவில் போகிறது. ஐந்தில் ஒரு பங்கு அளவு ஹீமோகுளோபினின் புரதப் பகுதியோடு சேர்கிறது. மீதி கரைந்து போகிறது. ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் ஒட்டும் இடமான இரும்பை அது தொடுவதில்லை. இரும்போடு மல்லுக்கு நிற்பது கார்பன் மோனாக்ஸைடு; அந்தப் பிடி ஆக்ஸிஜனின் பிடியைவிட 200 மடங்குக்கும் மேல். விஷமாவது அதனால்தான்.

## ஒரு துடிப்பு: 0.8 விநாடிக்குள் நடப்பது

நிமிடத்துக்கு 72 முதல் 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. படத்தை மறந்துவிட்டு, இடது பக்கத்தின் அழுத்தத்தை மட்டும் பின்தொடர்வோம். அலகு மில்லிமீட்டர் பாதரசம்.

1. தளர்ந்த நிலை. வெண்ட்ரிக்கிள் தளர்ந்திருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். மேலறையான ஏட்ரியத்தில் அதைவிடச் சற்றே அதிகம். அந்தச் சிறு வேறுபாட்டுக்கே இரண்டுக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வு திறந்துகொள்ள, இரத்தம் தானாக இறங்குகிறது. வெண்ட்ரிக்கிள் நிரம்புவதில் 70 முதல் 80 சதவீதம் இப்படித்தான் நடக்கிறது. ஏட்ரியம் சுருங்கினால்தான் இரத்தம் இறங்கும் என்று பலரும் எழுதுவது தவறு.

2. ஏட்ரியம் சுருங்குதல், 0.1 விநாடி. வலது ஏட்ரியத்தில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு தூண்டலைக் கிளப்புகிறது. மீதி 20, 30 சதவீதம் இறங்குகிறது. இப்போது வெண்ட்ரிக்கிளில் சுமார் 120 மில்லிலிட்டர் இருக்கும்.

3. தாமதம். தூண்டல் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏட்ரியோ வெண்ட்ரிக்குலார் கணுவில் ஏறத்தாழ 0.1 விநாடி தாமதிக்கிறது. இது இல்லாவிட்டால் மேலறையும் கீழறையும் ஒன்றாகச் சுருங்கும், கீழறை நிரம்பாது. பிறகு தூண்டல், அதைக் கடத்தும் ஹிஸ் கற்றை வழியாகவும் பர்கின்ஜி இழைகள் வழியாகவும் இதய முனைக்கு விரைகிறது. சுருக்கம் முனையிலிருந்து மேல்நோக்கி வருவது பற்பசைக் குழாயை அடியிலிருந்து அழுத்துவதைப் போல. வெளியேறும் வாய் மேலே இருப்பதால் அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

4. எல்லா வால்வுகளும் மூடிய கணம். வெண்ட்ரிக்கிள் சுருங்கத் தொடங்கியதுமே அதன் அழுத்தம் ஏட்ரியத்தை மிஞ்சுகிறது. ஈரிதழ் வால்வு படக்கென்று மூடுகிறது: 'லப்'. ஆனால் பெருந்தமனியில் அழுத்தம் 80; அதைத் தாண்டும்வரை பெருந்தமனியின் வாயில் உள்ள அரைச்சந்திர வால்வு திறக்காது. ஏறத்தாழ 0.05 விநாடி நாலு வால்வும் மூடியிருக்க, கொள்ளளவு மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறுகிறது.

5. வெளியேற்றம். 80-ஐத் தாண்டியதும் அரைச்சந்திர வால்வு திறக்கிறது. அழுத்தம் 120 வரை உயர்கிறது, 70 மில்லிலிட்டர் வெளியேறுகிறது. மீதி 50 உள்ளேயே தங்கும். இதயம் ஒருபோதும் முழுக்கக் காலியாவதில்லை.

6. தளர்ச்சி. வெண்ட்ரிக்கிள் தளர, அழுத்தம் பெருந்தமனியைவிடக் கீழே விழுகிறது. பின்வாங்கும் இரத்தம் அரைச்சந்திர வால்வின் பைகளை நிரப்பி மூடுகிறது: 'டப்'. மீண்டும் முதற்படி.

ஆறு படிகளிலும் வால்வு தானாக ஒரு வேலையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அதில் தசை கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறதோ அதற்கு ஏற்பத் திறக்கும், மூடும். காற்றுக்கு ஆடும் கதவு மாதிரி. வால்வோடு கட்டியிருக்கும் நாண் போன்ற இழைகள் வால்வை இழுத்துத் திறப்பதாக எழுதுவது பரவலான பிழை. கதவு எதிர்ப்பக்கம் புரண்டுவிடாமல் பிடித்திருப்பது மட்டுமே அவற்றின் வேலை. 'லப் டப்' கூட வால்வு மூடும்போது எழும் ஒலிதான். நல்ல வால்வு திறக்கையில் சத்தம் வராது. வால்வு சரியாக மூடாமல் கசிந்தாலோ, குறுகிவிட்டாலோ இரண்டு ஒலிகளுக்கு நடுவே 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கும்.

## ஒரே அளவு இரத்தம், இரண்டு அழுத்தம்

வலது வெண்ட்ரிக்கிளும் ஒரு துடிப்புக்கு அதே 70 மில்லிலிட்டரைத்தான் தள்ளுகிறது. ஒரு பக்கம் கூடுதலாகத் தள்ளினால் மற்றொரு பக்கம் தேங்கிவிடும். இடது பக்கம் பலவீனமானால் நுரையீரலில் நீர் கோப்பதும், வலது பக்கம் பலவீனமானால் கால் வீங்குவதும் இந்தத் தேக்கத்தால்தான்.

அளவு ஒன்று, அழுத்தம் வேறு. வலது வெண்ட்ரிக்கிள் எட்டுவது 25 மட்டும், இடது 120. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்ப் பின்னல் எதிர்ப்புக் குறைவானது. தவிர, காற்றறைச் சுவர் மிக மெல்லியது. 120 அழுத்தத்தில் அங்கே இரத்தத்தை அனுப்பினால் திரவம் கசிந்து காற்றறைகள் நிரம்பிவிடும். உடல் முழுக்கச் சுற்றிவர 25 போதாது. ஒரே பம்பால் இரண்டு அழுத்தம் தர முடியாது, அதனால் இரண்டு பம்புகள் ஒட்டிக்கொண்டு வேலை செய்கின்றன. இடது சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமனாக இருப்பதன் காரணம் இதுதான். மீனில் ஒற்றைச் சுற்று: செவுளில் உள்ள நுண்குழாய்களான தந்துகிகளைக் கடக்கும்போதே அழுத்தத்தில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது, மிச்ச அழுத்தத்தில்தான் உடலுக்குப் போகிறது.

## குழாய்க்குள்: வேகமும் அழுத்தமும் வேறு வேறு

இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் மணிக்கு 300 லிட்டர். உண்ட உணவிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக இரத்தம் செய்கிறது, அது உறுப்புகளில் செலவாகித் தீர்கிறது என்பதுதான் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலம் தொட்டு ஐரோப்பாவில் நிலைத்திருந்த கருத்து. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் இதை உடைத்தது பெருக்கல் கணக்கால். அவர் எடுத்துக்கொண்ட அளவு இன்று நாம் அறிந்ததைவிட மிகக் குறைவு. அப்படியும் அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம் உடலில் உள்ள மொத்தத்தையும் மிஞ்சியது. ஆகவே அதே இரத்தம்தான் சுற்றி வர வேண்டும். தமனிக்கும் சிரைக்கும் நடுவே உள்ள இணைப்பை அவரால் காண முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661-இல், இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளை நுண்ணோக்கியில் பார்த்தார்.

பெருந்தமனியின் குறுக்குப் பரப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர். அதில் இரத்தம் விநாடிக்குச் சராசரியாக 20 சென்டிமீட்டர் போகிறது. தனித்தனியே தந்துகி மயிரிழையிலும் மெல்லியது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர சென்டிமீட்டர். ஆறு அகன்று பரவும் இடத்தில் நீர் மெதுவாவதைப் போல, இங்கே வேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்குகிறது. பொருள் பரிமாற்றத்துக்கு அந்த நிதானம் வேண்டும். சிரையில் பரப்பு மீண்டும் குறைவதால் வேகம் மீண்டும் கூடும். ஆனால் அழுத்தம் தொடர்ந்து இறங்கிக்கொண்டேதான் போகும்: தந்துகியின் தொடக்கத்தில் சுமார் 35, முடிவில் 15, வலது ஏட்ரியத்தில் பூஜ்யத்தை ஒட்டி. வேகம் கூடினால் அழுத்தமும் கூடியிருக்கும் என்று எண்ணுவதே பலர் இங்கே தடுக்கி விழக் காரணம்.

காலிலிருந்து ஏறும் சிரை இரத்தத்துக்கு இதயம் கொடுத்த தள்ளல் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரையைப் பிதுக்குகிறது; கீழே இறங்காமல் வால்வு தடுக்கிறது; மூச்சை உள்ளிழுக்கையில் மார்புக்குள் அழுத்தம் குறைவதும் மேலே இழுக்கிறது. கால் அசையாமல் நெடுநேரம் நிற்பவர் மயங்கி விழுவது இந்தத் தசைப் பம்பு ஓய்ந்துவிடுவதால். உடலின் மொத்த இரத்தத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் எந்நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது.

மணிக்கட்டில் தெரியும் நாடி, இரத்தம் வந்து சேர்ந்ததன் அடையாளம் ஆகாது. அது தமனிச் சுவரில் ஓடும் அழுத்த அலை; இரத்தத்தைவிடப் பல மடங்கு வேகமானது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டாலும் பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கே தெளிவான துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும்.

## 120/80 எங்கிருந்து வருகிறது

"பிரஷர் இருக்கிறது" என்றால் நோய் என்றே பேச்சுவழக்கில் பொருளாகிவிட்டது. அழுத்தம் எல்லோருக்கும் இருந்தாக வேண்டும். 120 என்பது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது தமனியில் எட்டும் உச்சம். 80 என்பது அடுத்த துடிப்புக்கு முன் இறங்கும் அடிமட்டம். இதயத்துக்குள் பூஜ்யம் வரை இறங்கும்போது தமனியில் மட்டும் ஏன் 80-க்குக் கீழே போவதில்லை? விரிந்த தமனிச் சுவர் மீள்தன்மையால் திரும்பச் சுருங்கி, இதயம் ஓய்வெடுக்கும்போதும் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அளக்கும் முறை:

1. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி வைக்க வேண்டும்.
2. மேற்கையில் காற்றடைக்கும் பட்டையைச் சுற்றி, மணிக்கட்டு நாடி மறைந்த பிறகும் 30 மில்லிமீட்டர் கூடுதலாக ஏற்ற வேண்டும். தமனி முழுக்க நசுங்கிவிட்டது, ஸ்டெதஸ்கோப்பில் ஒலி இல்லை.
3. விநாடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வீதம் காற்றை இறக்க வேண்டும். உச்ச அழுத்தம் பட்டையை வென்றதும் இரத்தம் பீறிட்டுச் சுழன்று போகும் 'டப், டப்' ஒலி கேட்கும். அது மேல் எண்.
4. பட்டை எப்போதும் தமனியை நசுக்காத நிலை வந்ததும் ஓட்டம் சீராகி ஒலி மறையும். அது கீழ் எண்.

கை தொங்கிக்கொண்டிருந்தால் எண் கூடும். இரத்தம் ஏறக்குறைய நீரின் அடர்த்தி, பாதரசம் நீரைப் போல 13.6 மடங்கு. எனவே கை 10 சென்டிமீட்டர் இறங்கினால் ஏழெட்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் எண் பொய்யாக ஏறும்.

## இரத்த வகை: எது எங்கே இருக்கிறது

லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் விவரித்த ஏ, பி, ஓ முறையில் குழப்பம் தீர ஒரு வரி போதும்: ஆன்டிஜென் (அணுவின் அடையாளப் பொருள்) சிவப்பணுவின் மேல், ஆன்டிபாடி (அந்த அடையாளத்தோடு ஒட்டும் எதிர்ப்புப் புரதம்) பிளாஸ்மாவில். ஏ வகையினரின் அணுவில் ஏ, பிளாஸ்மாவில் பி-க்கு எதிரானது. ஓ வகை அணுவில் இரண்டுமே இல்லை, பிளாஸ்மாவில் இரண்டுக்கும் எதிரானவை. ஆகவே சிவப்பணு கொடுப்பதில் ஓ நெகட்டிவ் (டி என்ற ஆர்ஹெச் ஆன்டிஜெனும் இல்லாதவர்) பொதுக் கொடையாளர். பிளாஸ்மா கொடுப்பதில் ஏபி. இந்த இரண்டாம் பாதியைப் பாடம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

கண்ணாடித் தகட்டுச் சோதனையில் ஏ-க்கு எதிரான சீரம், பி-க்கு எதிரானது, டி-க்கு எதிரானது என மூன்று சொட்டு. ஒவ்வொன்றிலும் இரத்தம் கலக்கத் தனித்தனிக் குச்சி. மணல் மணலாகத் திரண்டால் அந்த ஆன்டிஜென் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். தாமதித்தால் சொட்டின் ஓரம் காய்ந்து திரண்டதைப் போலவே தோன்றும். திரளுதல் வேறு, உறைதல் வேறு என்பதையும் குறித்துக்கொள்ளவும்: முன்னதில் ஆன்டிபாடி அணுக்களை ஒட்டவைக்கிறது, பின்னதில் கரையும் ஃபைப்ரினோஜன் கரையாத ஃபைப்ரின் வலையாக மாறுகிறது.

## ஆட்டு இதயத்தை அறுத்துப் பார்க்கும்போது

மேலே சொன்ன பெரும்பாலானவற்றை ஆய்வகத்தில் ஓர் ஆட்டு இதயத்தில் விரலால் தொட்டே சரிபார்க்கலாம். வெட்டுவதற்கு முன் அமுக்கிப் பாருங்கள்: கெட்டியாக இருப்பது இடது பக்கம், குழைவாக இருப்பது வலது. முனை முழுக்க இடது வெண்ட்ரிக்கிளுக்கே சொந்தம். பெருந்தமனியின் வாய் அமுங்காமல் வட்டமாகத் திறந்தே நிற்கும். சிரைகளின் வாய் துணி போலத் துவண்டு மூடிக்கொள்ளும்.

பெருந்தமனியை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம் விட்டு நறுக்கி, இதயத்தை நிமிர்த்திப் பிடித்து அதற்குள் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கீழே இறங்காமல் தேங்கும். உற்றுப் பார்த்தால் மூன்று மெல்லிய பைகள் உப்பி, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது தெரியும். இறங்கிவிட்டால் வால்வைக் கத்தி கிழித்துவிட்டது என்று அர்த்தம்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மட்டம் மெல்லக் குறையலாம். வால்வு கசிகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். பைகளுக்குச் சற்று மேலே சுவரில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். ஒரு மெல்லிய குச்சியை உள்ளே நுழைத்தால் அது இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடும் குழாய்க்குள் போகும். அவைதான் இதயத்துக்கே இரத்தம் தரும் கரோனரி தமனிகள். சுருங்கும்போது இடது வெண்ட்ரிக்கிளின் தசை தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. அதனால் அந்தத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் கிடைப்பது 'டப்' ஒலிக்குப் பிறகு, வால்வு மூடி, தமனிச் சுவர் திரும்பச் சுருங்கும் அந்த ஓய்வு நேரத்தில்தான். துடிப்பு மிக வேகமாகும்போது முதலில் குறைவதும் இந்த ஓய்வு நேரமே.